இரண்டு வாக்கியம், ஒரு நுகத்தடி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செஞ்சியில் படிக்கும் பேத்தி இங்கே சீயமங்கலத்துக்கு வந்திருந்தாள். பத்தாம் வகுப்பு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணைக்கு வந்து பார்த்தால், தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஏதோ மந்திரம் ஜெபிப்பதுபோல முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள்.

“இன் ஸ்பைட் ஆஃப், தோ, பட். பிகாஸ் ஆஃப், ஆஸ், ஸோ. டூ டூ, ஸோ தட், வெரி அண்ட் ஸோ.”

என்னம்மா இது, சகஸ்ரநாமமா என்றேன். இங்கிலீஷ் கிராமர் என்றாள். நோட்டைக் காட்டினாள். மூன்று பத்தி போட்ட அட்டவணை. முதல் பத்தி சிம்பிள், இரண்டாவது காம்ப்ளெக்ஸ், மூன்றாவது காம்பவுண்டு. பொதுத்தேர்வில் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, இதை வேறு வகையாக மாற்று என்று கேட்பார்களாம். இரண்டு மதிப்பெண். கேள்வியில் ‘தோ’ இருந்தால் அதை எடுத்துவிட்டு நடுவில் ‘பட்’ போட்டால் காம்பவுண்டு. ‘இன் ஸ்பைட் ஆஃப்’ போட்டால் சிம்பிள். வாக்கியத்தின் அர்த்தத்தைப் பார்க்கவே வேண்டாம், அட்டவணை பார்த்துக்கொள்ளும்.

“சரி கண்ணு, ஒரு விஷயத்தை மூணு விதமா சொல்லலாம்னு தெரிஞ்சுக்கிட்டே. நீயே ஒரு லெட்டர் எழுதறேன்னு வச்சுக்க. இந்த மூணுல எதப் போடுவே?”

“கேள்வில எது கேக்கறாங்களோ அதத்தான் தாத்தா போடணும்.”

அவள் பதிலில் தப்பு இல்லை. தேர்வுக்கு அதுதான் சரியான பதில். ஆனால் 38 வருஷம் கோப்புகளில் குறிப்பு எழுதிக் குடும்பம் நடத்தியவனுக்கு அந்தப் பதில் முள்ளாகக் குத்தியது. காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வாக்கியங்களை ஒரு சொல்லால் சேர்க்கும்போது, அந்த இரண்டு செய்திகளுக்கும் என்ன உறவு என்று நாம் ஒரு முடிவு எடுக்கிறோம். அந்த முடிவை எப்படி எடுப்பது என்று நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. ஒட்டுவதற்கு மட்டும் சொல்லித்தருகிறோம்.

ஓய்வுபெற்ற குமாஸ்தாவுக்கு ஆங்கில இலக்கணத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். அதுவும் நான் படித்தது பிரெஞ்சு வழியில். தாய்மாமன் புதுச்சேரியில் வேலையில் இருந்தார். என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். 1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்த பிறகும், 1962 ஆகஸ்டில் சட்டப்படி இணைப்பு முடிந்த பிறகும், பிரெஞ்சு வழிப் பள்ளிகள் அங்கே நடந்துகொண்டுதான் இருந்தன. செஞ்சிக் கோட்டையை 1750-இல் புஸ்ஸி பிடித்து, 1761-இல் ஆங்கிலேயரிடம் போகும்வரை, பிரெஞ்சுக்காரர்கள் சுமார் பதினோரு வருஷம் வைத்திருந்தார்கள். நான் பிரெஞ்சுப் பள்ளியில் இருந்ததும் ஏறக்குறைய அவ்வளவு காலம்தான். அவர்களைப் போலவே நானும் கடைசியில் ஆங்கிலத்திடம்தான் மாட்டினேன்.

அந்தப் பள்ளியில் ‘அனலிஸ் லோழிக்’ என்று ஒரு பாடம் உண்டு. ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் அதை வெட்டிப் போட்டு, எத்தனை துண்டு, எது எதைச் சார்ந்து நிற்கிறது, எது தன் காலில் நிற்கிறது என்று எழுத வேண்டும். சமமான துண்டுகளைச் சேர்க்கும் சொற்கள் ஏழு. அவற்றை மறக்காமலிருக்க ஒரு கேள்வி வாக்கியம்: ‘மே ஊ ஏ தோங்க் ஓர்னிகார்?’ ஆனால் ஓர்னிகார் எங்கேதான் இருக்கிறான் என்று காதுக்குக் கேட்கும். ஓர்னிகார் என்று ஒருவனும் கிடையாது. மே, ஊ, ஏ, தோங்க், ஓர், நி, கார் என்ற ஏழு சொற்களும் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. ஆனால், அல்லது, உம், ஆகவே, இப்படியிருக்க, இதுவும் இல்லை, ஏனெனில் என்று தோராயமாகச் சொல்லலாம். பிரெஞ்சுப் பிள்ளைகள் இன்றைக்கும் இதைச் சொல்லித்தான் படிக்கிறார்கள்.

ஆங்கிலத்திலும் இதே மாதிரி ஏழுதான்: ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ. முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஃபேன்பாய்ஸ்’ என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். ஏழுக்கு ஏழு. நல்லதாகப் போயிற்று, இது தெரிந்தால் அதுவும் தெரிந்த மாதிரிதான் என்று நான் ஒரு காலத்தில் நினைத்தேன். அந்த நினைப்புக்கு விலை கொடுத்தது நான் அல்ல, வேறொருவர்.

முதலில் விஷயத்துக்கு வருவோம். தமிழ்ப் பாடத்தில் இதைத் தொடர் வாக்கியம் என்பார்கள். ஆங்கில ஆசிரியர்கள் காம்பவுண்டு என்பார்கள்; அந்தச் சொல்லைக் கேட்டால் நமக்குச் சுவர்தான் ஞாபகம் வரும். நான் கூட்டு வாக்கியம் என்றே சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் இரட்டை மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இதை ஒரு நிமிஷத்தில் விளக்கிவிடலாம். நுகத்தடியின் இரண்டு பக்கமும் இரண்டு மாடு. இரண்டும் ஒரே உயரம், இரண்டும் தனியாக நடக்கக்கூடியவை. அவிழ்த்துவிட்டால் ஆளுக்கொரு பக்கம் போய் மேயும். அது கூட்டு வாக்கியம். ஒற்றை மாட்டு வண்டி தனி வாக்கியம். தாய்ப்பசுவும் அதன் பின்னால் ஓடும் கன்றும் கலவை வாக்கியம். கன்றைத் தனியாகப் பிரித்தால் கத்தும்.

‘மழை பெய்தது, ஆனால் பஸ் வந்தது.’ நடுவில் வெட்டுங்கள். மழை பெய்தது. பஸ் வந்தது. இரண்டும் நிற்கின்றன. இது கூட்டு. ‘மழை பெய்தாலும் பஸ் வந்தது.’ இதை வெட்டினால் ‘மழை பெய்தாலும்’ என்பது அந்தரத்தில் தொங்குகிறது. இது கலவை. ‘மழையிலும் பஸ் வந்தது.’ இங்கே வெட்டவே ஒன்றுமில்லை. இது தனி.

வாக்கியத்தின் நீளத்தை வைத்து ஏமாறக்கூடாது. எங்கள் ஊர்த் தூணாண்டார் குடைவரையைக் குடைந்த அதே மகேந்திரவர்ம பல்லவன், விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டில் ஒரு குகைக்கோயில் எடுத்திருக்கிறான். அதில் ஒரு வடமொழிக் கல்வெட்டு. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல், பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் இந்தக் கோயிலை உண்டாக்கினான் என்பது அதன் கருத்து. நான்கு பொருள், மூன்று தெய்வம், ஒரு ராஜா. ஆனால் வினை ஒன்றுதான், உண்டாக்கினான் என்பது. அவ்வளவு நீளமும் தனி வாக்கியம். ‘அவன் வந்தான், நான் போனேன்’ என்பது நான்கே சொல். அது கூட்டு. ஆகவே சொற்களை எண்ணக்கூடாது. வினைமுற்றுகளை எண்ண வேண்டும்.

இங்கேதான் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சிக்கல் ஆரம்பிக்கிறது. அதை ஆங்கில வகுப்பில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

நான் செஞ்சிக்குப் போய்வந்த கதையை எப்படிச் சொல்வேன்? ‘காலையில் எழுந்து, பல் துலக்கி, காபி குடித்துவிட்டு, பஸ் பிடித்துச் செஞ்சிக்குப் போனேன்.’ நான்கைந்து வேலை செய்திருக்கிறேன். வினைமுற்று ஒன்றே ஒன்று, போனேன். மற்றதெல்லாம் வினையெச்சம். தமிழ் இப்படித்தான் பேசும். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டியவர்களுக்குத் தெரியும், எச்சம் எச்சமாகக் கோத்துக்கொண்டே போவார். வாக்கியம் எப்போது முடியும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டும். கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இதைக் குறித்திருக்கிறார். ஐரோப்பிய மொழிகள் இணைப்புச் சொல்லைத் தேடும் இடத்தில் திராவிட மொழிகள் எச்சத்தைத்தான் விரும்பும் என்பது அவர் கண்டது.

இந்தப் பழக்கத்தோடு நம் பிள்ளை ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் என்ன நடக்கும்? ஒன்று, எழுந்தேன் அண்ட் துலக்கினேன் அண்ட் குடித்தேன் அண்ட் போனேன் என்று ‘அண்ட்’ மாலை கட்டும். இல்லாவிட்டால் இணைப்புச் சொல்லே இல்லாமல் வெறும் காற்புள்ளியைப் போட்டுக்கொண்டே போகும். பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் இரண்டு முழு வாக்கியத்தின் நடுவே வெறும் காற்புள்ளி போட்டால் பிழை. ஏழு சொற்களில் ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் அரைப்புள்ளி வேண்டும்.

தமிழிலும் கூட்டு வாக்கியம் தேவைப்படும் இடம் உண்டு. ‘நான் கதவைத் தட்டித் திறந்தேன்’ என்று சொல்லலாம். ‘நான் கதவைத் தட்டி அவள் திறந்தாள்’ என்று சொல்லிப் பாருங்கள், காதுக்கு ஒட்டவில்லை. ‘செய்து’ என்ற எச்சம் பொதுவாக அதே ஆளுடைய வினையைத்தான் கொண்டு முடியும். (‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்பது போலக் காரணமும் காரியமுமாக வருவது விதிவிலக்கு.) ஆள் மாறினால் நாமும் ‘நான் கதவைத் தட்டினேன், அவள் திறந்தாள்’ என்று இரண்டு முற்றாகத்தான் சொல்கிறோம். ஆங்கிலக் கூட்டு வாக்கியத்துக்குள் நுழைய நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது. அந்த வாசல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நாம் சுவரேறிக் குதிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதன் மறுபக்கமும் நடக்கிறது. ஆங்கிலத்தை அரைகுறையாகக் கற்றதன் பலன் இப்போது தமிழில் விடிகிறது. ‘அமைச்சர் வந்தார் மற்றும் பேசினார்.’ ‘படிவத்தைப் பூர்த்தி செய்யவும் மற்றும் அனுப்பவும்.’ எங்கு பார்த்தாலும் ‘மற்றும்’. வங்கியில், செல்பேசியில், அரசாங்கச் சுற்றறிக்கையில். ‘அமைச்சர் வந்து பேசினார்’ என்பதில் என்ன குறை? ‘பூர்த்தி செய்து அனுப்பவும்’ என்றால் ஒரு சொல் மிச்சம். பெயர்ச்சொற்களைச் சேர்க்க ‘உம்’ இருக்கவே இருக்கிறது. அரிசியும் பருப்பும் என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியாதா? தொல்காப்பியர் இந்த ‘உம்’ ஒன்றுக்கே எட்டுப் பொருள் சொல்லியிருக்கிறார்; எண்ணிச் சேர்ப்பது அதில் ஒன்று. அப்படிப்பட்ட ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு ‘மற்றும்’ என்று கடன் வாங்குவானேன்? ஆங்கில ‘அண்ட்’ என்ன வேலை செய்கிறது என்று ஒழுங்காகப் புரிந்துகொண்டிருந்தால் அதைத் தமிழுக்குள் இப்படி இழுத்துவந்திருக்க மாட்டார்கள்.

இனி நான் சொல்கிறேன் என்று வைத்திருந்த கதை.

நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் ஆரம்பம். கீழ்நிலை எழுத்தர். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். பழைய கோப்புகள் பிரெஞ்சில் இருக்கும், புதிய குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அதனால் இரண்டும் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு மரியாதை. இரண்டும் அரைகுறை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஒரு பியூன் இறந்துவிட்டார். அவர் மனைவி குடும்ப ஓய்வூதியத்துக்கு மனு கொடுத்திருந்தார். வாரிசுச் சான்றிதழும் கொடுத்திருந்தார். அதில் இறந்தவர் பெயருக்கும் பணிப்பதிவேட்டில் இருந்த பெயருக்கும் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். ஒரு பிரமாண வாக்குமூலம் வாங்கிக்கொண்டால் தீர்ந்துபோகும். நான் குறிப்பு எழுதினேன். ‘மனுதாரர் சான்றிதழைக் கொடுத்துவிட்டார், இப்படியிருக்க, அதில் பெயர் சற்று மாறுபட்டிருக்கிறது’ என்பது என் மனதில் இருந்தது. ‘இப்படியிருக்க’ என்பதற்குப் பிரெஞ்சில் ‘ஓர்’. இரண்டே எழுத்து. அதே இரண்டெழுத்து ஆங்கிலத்தில் ‘ஆர்’, அதாவது ‘அல்லது’. கை பழக்கத்தில் அதை எழுதிவிட்டது. வாக்கியம் முழுவதும் ஆங்கிலம். நடுவில் ஒரு பிரெஞ்சுச் சொல். எழுத்து ஒன்றே என்பதால் யார் கண்ணுக்கும் அது பிரெஞ்சாகத் தெரியவில்லை.

படித்த அதிகாரிக்கு அது எப்படிப் புரியும்? ‘மனுதாரர் சான்றிதழைக் கொடுத்துவிட்டார், அல்லது அதில் பெயர் மாறுபட்டிருக்கிறது.’ இரண்டில் எது என்று திட்டவட்டமாகத் தெரிவிக்கவும் என்று எழுதிக் கோப்பைத் திருப்பினார். அது நேராக என்னிடம் வந்திருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். வழியில் கணக்குப் பிரிவுக்குப் போயிற்று. அங்கே இருந்தவர் சான்றிதழே சரியாக வரவில்லை என்று எடுத்துக்கொண்டு, புதிதாக ஒன்று வாங்கிவரும்படி அந்த அம்மாவுக்கே கடிதம் போட்டுவிட்டார். அவர் மறுபடியும் அலைந்து, இன்னொரு சான்றிதழ் வாங்கிவந்தார். அதிலும் பெயர் அப்படியேதான் இருந்தது. அதுதானே அவர்கள் வீட்டில் வழங்கும் பெயர்? மறுபடியும் கேள்வி. நாலு மாதம் ஆயிற்று.

அந்த நாலு மாதமும் திங்கட்கிழமை தவறாமல் வருவார். வராந்தா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். கூட ஒரு சின்னப் பெண். நான் அந்தப் பக்கம் போகும்போது எழுந்து நின்று, “ஐயா, இன்னிக்காவது ஆச்சுங்களா?” என்பார். பாக்குறேம்மா என்பேன். எனக்கும் ஏன் ஆகவில்லை என்று தெரியாது.

கடைசியில் எங்கள் சூப்பிரண்டு கோப்பை முதலிலிருந்து படித்தார். அவரும் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். என்னைக் கூப்பிட்டு, மூக்குக் கண்ணாடியை இறக்கி, “தம்பி, இந்த ரெண்டெழுத்து பிரெஞ்சா, இங்கிலீஷா?” என்றார். எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்தபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் சத்தம் போடவில்லை. “பிரெஞ்சில இதுக்குத் தங்கம்னும் அர்த்தம் உண்டு. அந்த அம்மாவுக்குத் தங்கமாட்டம்தான் ஆயிடுச்சு, விலை ஏறிப்போச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டு, ‘ஆர்’ஐ அடித்து ‘பட்’ என்று எழுதினார். அந்த வாரமே உத்தரவு கிளம்பியது.

அன்றிலிருந்து நான் எந்தக் குறிப்பையும் அனுப்புவதற்கு முன் இணைப்புச் சொற்களை மட்டும் தனியாக ஒருமுறை படிப்பேன். அப்படிப் படித்துப் படித்து இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். இதை எந்த இலக்கணப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. ‘விண்ணப்பம் தாமதமாக வந்தது, ஆனால் காரணம் நியாயமானது’ என்று எழுதினால் அதிகாரி ஒப்புதல் கொடுப்பார். ‘காரணம் நியாயமானது, ஆனால் விண்ணப்பம் தாமதமாக வந்தது’ என்று எழுதினால் நிராகரிப்பார். அதே இரண்டு உண்மை, அதே ஒரு ‘ஆனால்’. முன்னே இருந்ததைப் பின்னே வைத்தால் ஒருவருடைய பணம் போய்விடும். உத்தரவு பெரும்பாலும் ‘ஆனால்’ என்பதற்குப் பின்னால்தான் இருக்கிறது. கையெழுத்துப் போடுவது அதிகாரி. அதை எங்கே வைப்பது என்று முடிவு செய்வது குமாஸ்தா. நல்ல குமாஸ்தாவுக்கு இது தெரியும். கெட்ட குமாஸ்தாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

குமாஸ்தா மேஜையில் மட்டும் நடப்பதில்லை இது. நம் உச்ச நீதிமன்றமே 1968-இல், மருந்துச் சட்டத்தின் ஒரு பிரிவில் வரும் ‘அண்ட்’ என்ற சொல்லை ‘ஆர்’ என்று படிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்திருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் ஓர் ‘அண்ட்’டுக்காகவே ஒரு வழக்கை விசாரித்து முடித்தது. போதைப்பொருள் குற்றத்தில் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனையிலிருந்து சலுகை வேண்டுமானால், கைதியிடம் முன்குற்றம் பற்றிய ‘அ, ஆ, அண்ட் இ’ இருக்கக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் சலுகை போகுமா, ஒன்று இருந்தாலே போகுமா? ஒன்று இருந்தாலே போகும் என்று ஆறு நீதிபதிகள், இல்லை என்று மூன்று நீதிபதிகள். சிறையில் எத்தனை வருஷம் என்பது அந்தச் சின்னச் சொல்லைப் பொறுத்து நின்றது. ‘காபியும் டீயும் குடிக்க மாட்டேன்’ என்று நம் வீட்டில் ஒருவர் சொன்னால் இரண்டில் எதையும் கொடுக்க மாட்டோம். அதே கேள்விதான், அங்கே கோர்ட்டு வரைக்கும் போயிருக்கிறது.

இவ்வளவு கனமான விஷயத்தை இரண்டு மதிப்பெண்ணுக்கு ஓர் அட்டவணையாகச் சுருக்கிக் கொடுக்கிறோமே என்பதுதான் என் வருத்தம். ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. வகுப்பு நிறையப் பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடம், தேர்ச்சி விகிதம் என்று தலைக்கு மேல் கத்தி. அட்டவணையாவது இருந்தால் கடைசி பெஞ்சுப் பிள்ளையும் பாஸாகும். அது ஒரு ஊன்றுகோல், ஒப்புக்கொள்கிறேன். ஊன்றுகோலையே கால் என்று நம்பவைத்துவிடக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

இப்போதெல்லாம் செல்பேசியே திருத்திக் கொடுத்துவிடுகிறதே என்று மகன் சொல்கிறான். காற்புள்ளியைத் திருத்தும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று என் குறிப்பை அதனிடம் கொடுத்திருந்தால் அது என்ன செய்திருக்கும்? வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. இலக்கணப்படி ‘அல்லது’ சரியாகவே இருந்தது. உண்மைக்குத்தான் அது சரியாக இல்லை. அந்த உண்மை என் தலைக்குள்ளும், அந்த அம்மாவின் கையிலிருந்த காகிதத்திலும்தான் இருந்தது.

என்னைக் கேட்டால் இப்படிச் சொல்லித்தரலாம். முதலில் தமிழில் ஆரம்பியுங்கள். ஒரு வாக்கியத்தில் எத்தனை வினைமுற்று என்று எண்ணட்டும். எச்சத்தை முற்றாக்கிப் பார்க்கட்டும், முற்றை எச்சமாக்கிப் பார்க்கட்டும். ஆள் மாறும்போது என்ன ஆகிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். இரண்டாவது, உறவு. நம் தலைமுறை தலையணை போல வைத்துப் படித்த ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தில் இணைப்புச் சொற்களை நான்காகப் பிரித்திருப்பார்கள். ஒன்றோடு ஒன்றைச் சேர்ப்பது, ஒன்றுக்கு எதிராக ஒன்றை நிறுத்துவது, இரண்டில் ஒன்றைத் தேரச் சொல்வது, ஒன்றிலிருந்து இன்னொன்று விளைந்ததைக் காட்டுவது. இந்த நாலு உறவும் சமையலறையிலேயே இருக்கின்றன. உப்பு போட்டேன், புளியும் கரைத்தேன். உப்பு போட்டேன், ஆனால் கரிக்கவில்லை. உப்பு போடு, அல்லது என்னைப் போடவிடு. உப்பு போடவில்லை, அதனால் யாரும் சாப்பிடவில்லை.

மூன்றாவது, நிறுத்தக்குறி. கூட்டு வாக்கியத்தில் இணைப்புச் சொல்லுக்கு முன்னால் காற்புள்ளி. இணைப்புச் சொல் இல்லையென்றால் அரைப்புள்ளி. ‘ஹவெவர்’, ‘தேர்ஃபோர்’ என்ற சொற்கள் கொக்கி மாதிரித் தெரியும், ஆனால் கொக்கி இல்லை. அவற்றுக்கு முன்னால் காற்புள்ளி போட்டு இரண்டு வாக்கியத்தைத் தொங்கவிடக்கூடாது, அரைப்புள்ளிதான் தாங்கும். என் காலத்து அலுவலகக் குறிப்புகளில் பாதிப் பிழை இந்த ‘ஹவெவர்’தான்.

நான்காவதாகத் தேர்வில் ஒரே ஒரு கேள்வி சேர்க்கலாம். இரண்டு வாக்கியத்தையும் அவற்றின் சூழ்நிலையையும் கொடுத்து, இதை எப்படிச் சேர்ப்பாய், ஏன் என்று கேட்கலாம். ‘ஏன்’ என்பதற்கு ஒரு மதிப்பெண். திருத்துவது கஷ்டம்தான். கஷ்டமில்லாமல் திருத்தக்கூடியதை மட்டுமே கேட்டுக் கேட்டுத்தான் இங்கே வந்து நிற்கிறோம்.

அன்று சாயங்காலம் பேத்திக்கு இந்தக் கதையைச் சொன்னேன். இதுவரை வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை. உத்தரவு வந்த அன்று அந்த அம்மா பெண்ணோடு வந்தார். என் மேஜைக்கு எதிரில் நின்று கையெடுத்துக் கும்பிட்டு, “உங்களாலதாங்க ஐயா ஆச்சு” என்றார். தாமதமானதே என்னால்தான் என்று நான் சொல்லவில்லை. பரவால்லம்மா என்றேன். அவர் போய்விட்டார்.

பேத்தி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு நான் சொன்னேன், “ரெண்டு வாக்கியம் கொடுக்கறேன், சேரு. அந்த அம்மா நன்றி சொன்னாங்க. நான் அத வாங்கிக்கிட்டேன்.”

நோட்டை எடுக்கப் போனவள் எடுக்கவில்லை. “‘அண்ட்’ போட்டா நீங்க தப்பே செய்யாத மாதிரி இருக்கும் தாத்தா. ‘ஸோ’வும் சரியில்ல.” விரலை மடக்கி மடக்கி யோசித்தாள். “‘பட்’ கூட ஒட்டல. நடுவுல ஒரு வாக்கியம் விட்டுப்போச்சு. அதச் சொன்னாத்தான் ‘பட்’ போட முடியும்.”

விட்டுப்போன வாக்கியம் எது என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.